மூன்றாவது பேரிங்கின் பக்கத்தில் ஒரு புள்ளி

வீட்டிலேயே ஒரு கார் இன்ஜினைப் பிரித்துக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது நல்ல விளக்கு. சுத்தியலை இரவல் கேட்கலாம். ஸ்பேனரைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். வெளிச்சம் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். என் கார் கொட்டகையில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். இரண்டும் நன்றாக எரிகின்றன. அதனால் வெளிச்சம் போதவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

முதலில் என்னைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். பேருந்துப் பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினாறு வருடம் பிரிவுக்குத் தலைவன். எனக்கு முன்னால் என் அப்பா அதே பிரிவில் இருந்தார். எங்கள் இருவர் கையால் கட்டிய இன்ஜின் எதுவும் பழுதாகித் திரும்பி வந்ததில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன் கையால் பொருத்திய பாகத்தின் பக்கத்தில், சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்து இரும்பில் ஒரு புள்ளி அடிப்பார். எள் அளவுதான் இருக்கும். இது என் வேலை, இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். அவருக்குப் பிறகு நான் அடித்தேன். பணிமனையில் புள்ளி இருந்தால் அந்த இடத்தை மேற்பார்வையாளர்கூடத் திறந்து பார்க்க மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். வாசல் கதவின் கீலில் புள்ளி இருக்கிறது. என் மகள் குழந்தையாக இருந்தபோது ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளில் இருக்கிறது. நான் பூட்டிய பூட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. புதிதாக வீட்டுக்கு வந்தவர்கள் இழுத்துப் பார்த்தால் என் மனைவியே சொல்லிவிடுவாள்: "வேணாம்ப்பா, அவர் பூட்டினா பூட்டினதுதான். இழுத்துப் பாத்தீங்கன்னா நாளைக்கு வரைக்கும் பேச மாட்டாரு."

என் மருமகன் அதற்கு நேர்மாறான ஆள். அவர் வேலையே அது. கடைகடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை போடுவது. அடுத்தவன் தராசைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிற மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பார்த்ததை எல்லாம் எழுதிக்கொள்வார். என் மகள் அவளாகவே பார்த்து முடிவு செய்த இடம் அது. எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் ஊர் வாய்க்கு வீட்டுப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்பதற்காக நானே முன்னே நின்று நடத்தி வைத்தேன். குறை சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கொட்டகையில் அப்பாவின் பெரிய கார் ஆறு வருடமாக ஓடாமல் நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மகளுக்கு வேலை கிடைத்தது. இருவரும் குடிபோக வேண்டும். "தாத்தா காரை எடுத்துக்கிட்டுப் போகவாப்பா?" என்று கேட்டாள். இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டினால்தான் ஓடும் என்றேன். மருமகன் சொன்னார்: "நான் கூட நிக்கிறேன் மாமா. எனக்குத் தெரியாது, கத்துக்கிறேன்." விடுமுறை நாட்களில் வந்தார். இரண்டு மாதம் நாங்கள் ஒரே இரும்பின் மேல் குனிந்து நின்றோம். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது. இதையும் நான் சொல்லாமல் விடக் கூடாது.

இனி பேரிங்குக்கு வருகிறேன். இன்ஜினுக்குள் கேம்ஷாஃப்ட் என்று ஒரு நீளமான தண்டு இருக்கிறது. வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. எங்கள் காரில் அது ஐந்து வளையங்களுக்குள் சுழல்கிறது. அந்த வளையங்கள்தான் பேரிங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துளை உண்டு. இன்ஜினின் உடலான பிளாக்கின் சுவரிலும் ஒரு துளை உண்டு. இரண்டும் நேருக்கு நேர் நின்றால்தான் எண்ணெய் தண்டுக்கு வரும். வளையத்தை ஒரு நீளக் கம்பியின் முனையில் மாட்டி, சுத்தியலால் அடித்து உள்ளே இறக்க வேண்டும். இறங்கிய பிறகு மெல்லிய கம்பி ஒன்றைத் துளை வழியாக விட்டுப் பார்ப்பார்கள். கம்பி தடையில்லாமல் போனால் சரி. வளையம் கொஞ்சம் திரும்பியிருந்தால் கம்பி நிற்கும். அப்படி நின்றால் அந்த வளையத்தை அடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு முறை எடுத்தது மறுபடி உதவாது. புதிது வேண்டும்.

ஐந்தில் மூன்றை நான் போடுவது, இரண்டை மருமகன் போடுவது என்று பேசிக்கொண்டோம். அவர் நான்காவதையும் ஐந்தாவதையும் போட்டார். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கோடு போட்டார், அளந்தார், கம்பி விட்டார், நோட்டில் எழுதினார். அன்று என் மைத்துனர் வந்திருந்தார். என் மனைவியின் தம்பி. வாய் சும்மா இருக்காத மனிதர். முக்காலியைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், உங்க மாப்பிள்ளை சிரிச்சாக்கூட எடை போட்டுத்தான் சிரிப்பாரு போல" என்றார்.

"சிரிப்புக்கு முத்திரை கிடையாது சித்தப்பா. அதான் தாராளமா சிரிக்கிறேன்" என்றார் மருமகன். மைத்துனரை அவர் சித்தப்பா என்று கூப்பிடுவது முறைப்படி சரியில்லை. முறை தெரியாமல் அல்ல. அந்த மனிதரைப் பிடித்துப்போய் அப்படியே கூப்பிட்டு வந்தார்.

நான் என் பங்கை எடுத்தேன். முதலாவது இறங்கியது. இரண்டாவது இறங்கியது. கடைசி அடியில் சத்தம் மாறும். வளையம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று காது சொல்லும். மூன்றாவதைப் போடும்போது மைத்துனரிடம் பேசிக்கொண்டே அடித்தேன். ஒரு பேருந்து இன்ஜினை ஒரே நாளில் கட்டிய கதை. நூறு தடவை சொன்ன கதைதான். வளையம் மாட்டிய நீளக் கம்பி கையில் சற்றுத் திரும்பியதை உள்ளங்கை உணர்ந்தது. காது மட்டும் சரி என்றது. நான் கதையை முடித்தேன்.

மருமகன் தரையில் கிடந்த மெல்லிய கம்பியை எடுத்தார். "மாமா, ஒரு தடவை விட்டுப் பாத்துரலாமா?"

"உங்க கம்பியைத் தராசுக் கடையில போய் விடுங்க மாப்பிள்ளை" என்றேன். "இது என் கை."

மைத்துனர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துவிட்டு, "இருந்தாலும் யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்களே மச்சான்" என்றார்.

"சறுக்கின யானைக்குச் சொல்லுவாங்க" என்றேன்.

மருமகனும் சிரித்தார். கம்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோட்டில் ஏதோ எழுதினார். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.

கையைக் கழுவவில்லை. ஆணியில் தொங்கிய இன்னொரு கம்பியை எடுத்து மூன்றாவது பேரிங்கில் விட்டுப் பார்த்தேன். கம்பி நின்றது. திருப்பி விட்டேன். வளைந்தது. விளக்கை இறக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிளாக்கின் துளை இருக்க வேண்டிய இடத்தில் புது வளையத்தின் பளபளப்பு மட்டும் தெரிந்தது. முழுக்க மூடியிருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

அதை வெளியே அடித்து எடுக்க ஐந்து நிமிடம் போதும். புது வளையம் வர மூன்று வாரம் ஆகும். மகள் வேலையில் சேரும் தேதி தள்ளிப்போகும். இதுதான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தாளில் பொய் எழுத விருப்பம் இல்லை. அவர்கள் பேருந்தில் போயிருக்கலாம். கார் பிறகு போயிருக்கலாம்.

காரணம் வேறு. உள்ளே போய்ச் சொன்னால் மருமகன் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். சிரிக்கிற ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேன். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி முடித்திருப்பேன். அவர் என்ன சொல்வார் என்பது என் காதில் அப்போதே கேட்டது. "பரவால்ல மாமா." அவ்வளவுதான் சொல்வார். மனதாரச் சொல்வார். சோற்றுத் தட்டின் முன்னால், என் மனைவி பார்க்க, மகள் பார்க்க, மைத்துனர் பார்க்க, அந்த வார்த்தையை நான் அவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சென்டர் பஞ்சை எடுத்தேன். மூன்றாவது பேரிங்கின் பக்கத்தில், பிளாக்கின் இரும்பில், ஒரு புள்ளி அடித்தேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஏற்கெனவே அடித்திருந்தேன். இதற்கு மட்டும் இல்லாவிட்டால் அவர் கண்ணில் படும். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் நிறைய நாட்கள் இருந்தன. இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இன்ஜின் மூடப்பட இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் வந்த ஒவ்வொரு நாளும் காலையில் காபியைக் குடித்துவிட்டு, இன்று சொல்லிவிடலாம் என்று கொட்டகைக்குப் போவேன். மருமகன் அங்கே ஒவ்வொரு போல்ட்டையும் துணியால் துடைத்து வரிசையாக அடுக்கியிருப்பார். "வாங்க மாமா, எல்லாம் தயார்" என்பார். நானும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவேன்.

முதல் தடவை இன்ஜினை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. எண்ணெய்ப் பம்பை வெளியிலிருந்து சுழற்றி, மேலே வால்வுகள் வரை எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பது. எங்கள் இன்ஜினில் மேலே போகும் எண்ணெய் அந்த மூன்றாவது பேரிங் வழியாகத்தான் போகும். சோதித்தால் தெரிந்துவிடும். மருமகன் சனிக்கிழமை செய்யலாம் என்றார். நான் வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய்க் குப்பியைத் திறந்து, வால்வுகளின் மேல் என் விரலால் எண்ணெய் தடவினேன். ஒவ்வொன்றுக்கும் தடவினேன். பன்னிரண்டு.

"சோதனை முடிச்சுட்டேன் மாப்பிள்ளை" என்றேன் அவர் வந்ததும்.

அவர் குனிந்து பார்த்தார். "எல்லா இடத்துலயும் வந்துச்சா மாமா?"

"வந்துச்சு."

"அடடா, நான் பாக்கணும்னு நெனச்சேன். சரி, நீங்க பாத்தாச்சு இல்ல" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்ஜின் முதல் தடவையிலேயே ஓடியது. பொருத்தும்போது தடவிய பசையும் எண்ணெயும் கொஞ்ச நாள் தாங்கும். நான்கு நாள் ஊருக்குள் ஓட்டினார்கள். எதுவும் நடக்கவில்லை. ஒருவேளை எண்ணெய் எப்படியோ வழி கண்டுபிடித்திருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தேன். வேலை பழக வந்த பையன் யாராவது பணிமனையில் அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன்.

அவர்கள் கிளம்பிய காலையில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. மனைவி காருக்குள் தண்ணீர்க் குப்பிகளை அடுக்கிக்கொண்டே, "என்னங்க, மலைப் பாதை. நீங்க ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்களேன்" என்றாள்.

"நான் கட்டுன வண்டியை நானே சந்தேகப்படணுமா?"

"அதுவும் சரிதான்" என்று அவள் நகர்ந்துவிட்டாள். இந்த வீட்டில் அது பழக்கம்.

மருமகன் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "மாமா, மேல ஒரு டிக் டிக்னு மெல்லிசா சத்தம் வருதே?"

எனக்கு அது அவருக்கு முன்பே கேட்டிருந்தது. எண்ணெய் இல்லாத வால்வின் சத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"புது வேலை. கொஞ்சம் ஓடினா அடங்கிரும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மாமா."

மகள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். கார் தெருமுனை திரும்புகிற வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மீதி உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் இருக்கிறது. மலை ஏற்றத்தில், ஒரு வளைவைத் தாண்டியதும் இன்ஜின் ஒரேயடியாக நின்றது. எடுத்து ஒதுக்கி நிறுத்த நேரம் இல்லை. மருமகன் என் மகளை இறக்கி, சாலையோரச் சுவரை ஒட்டி நிற்கச் சொன்னார். பிறகு காரின் முன்னால் போய் மூடியைத் திறந்தார். அவள் அங்கிருந்தே, "அப்பாவுக்கு போன் பண்ணவா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் உள்ளே குனிந்தபடி சொன்னாராம்: "வேண்டாம்மா, மாமா பாவம். அவர் வேலைல தப்பு இருக்காது. நான் போட்டதுலதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்."

வளைவில் வந்த லாரி காரின் பின்னால் மோதியது. கார் அவர் மேல் போனது.

இன்ஜினைப் பிரித்த உங்கள் நிபுணர் நல்ல வேலைக்காரர். எரிந்துபோன வளையத்தின் முதுகில் பிளாக்கின் துளை வட்டமாகப் பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் வளையத்தில் துளை இல்லை. நீங்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "மூணாவது பேரிங் யார் போட்டது?" என்று கேட்டீர்கள். எனக்கு முன்னால் என் மகள் பதில் சொன்னாள். "அவர்தான் சார். அவரே சொன்னாரு, நான் போட்டதுலதான் தப்புன்னு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். இறந்தவருக்குப் பாரம் தெரியாது, இருக்கிறவர்கள்தான் தெருவில் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு தலைமுறையின் பெயர். அதை, வளையம் திரும்பிப்போன ஒரு அரிசி அளவு தூரத்துக்காக விட்டுக்கொடுக்க முடியாது என்று நினைத்தேன்.

அதன் விலை என்ன என்பதை நாளாக நாளாகத்தான் பார்த்தேன். மகள் அவர் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "ஊர் உலகத்துத் தராசை எல்லாம் சோதிச்சாரு. என்னை ஏத்திக்கிட்டுப் போற வண்டியைச் சோதிக்கலை" என்று அம்மாவிடம் சொன்னாள். அழவில்லை. கோபம் அழ விடவில்லை. நான் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருடைய அம்மா வந்தார். தனியாக, இரண்டு பேருந்து மாறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அண்ணே, உங்க அப்பா காலத்து வண்டியாமே. எங்க பையன் கெடுத்துட்டான். உங்க பொண்ணு வாழ்க்கையையும் கெடுத்துட்டான். மன்னிச்சுக்குங்கண்ணே" என்று கைகூப்பினார்.

"பரவால்லம்மா" என்றேன்.

எந்த வார்த்தையை அவர் மகனிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லையோ, அதே வார்த்தை. அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி வயிற்றுக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறாள்.

நோட்டைக் கேட்டீர்கள். இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன். இன்ஜின் வேலை முடிந்ததும் அந்த நோட்டை அவர் கொட்டகை அலமாரியிலேயே வைத்துவிட்டிருந்தார்; விபத்து நடந்த மறுநாளே அதை எடுத்துவிட்டேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பேரிங் போட்ட அன்றைய பக்கத்தில் அவர் எழுதியிருப்பது இதுதான்: "மூன்று. மாமா போட்டது. கம்பி விடவில்லை. தேவையில்லை." என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் இப்படி எழுதியதில்லை. கிழிக்க மனம் வரவில்லை.

நேற்று நீங்கள் ஒரு புகைப்படத்தைக் கூடத்து மேசையில் வைத்து, மூன்றாவது பேரிங்கின் பக்கத்தில் தெரிகிற அந்தப் புள்ளி என்ன என்று கேட்டீர்கள். நான் யோசிப்பதற்குள் என் மகள் படத்தைக் கையில் எடுத்துவிட்டாள். வாசல் கீலிலும் சைக்கிளிலும் பார்த்து வளர்ந்த பெண். நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; உங்கள் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன்.

"அப்பா" என்றாள். படத்தை மேசையில் வைத்துவிட்டு, "அவரு கம்பி விட்டுப் பாக்கலாமான்னு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய், திருப்பி வைத்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவை வெளியிலிருந்து சாத்தினாள். சாத்தியதும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது பேரிங்கை நான் போட்டேன். துளை மூடியிருந்தது அன்று பகலிலேயே எனக்குத் தெரியும். சோதனை செய்ததாகப் பொய் சொன்னேன். கிளம்பிய காலையில் சத்தத்தைக் கேட்டும் அனுப்பி வைத்தேன். இறந்த பிறகு பழியை அவர் மேல் போட்டேன். என் மருமகனைக் கொன்றது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. அவர் போட்ட நான்காவதும் ஐந்தாவதும் எந்தக் குறையும் இல்லாதவை; பணிமனையில் பத்து வருடம் இருந்தவனும் அப்படிப் போட்டிருக்க மாட்டான்.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் அறிக்கையில் விடுபட்டிருக்கிறது. முதலாவதையும் இரண்டாவதையும் போட்டது நான். நிபுணரை மறுபடி கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் போகும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.